ரொறன்ரோவில் வாடகைக்கு அப்பார்ட்மென்ட் எடுக்கும் முன் கட்டடத்தின் புள்ளியைப் பார்ப்பது எப்படி

போன மாதம் தங்கச்சியின் மகனுக்கு வீடு தேடி ஸ்காபரோ முழுக்கத் திரிந்தோம். கல்யாணம் முடித்து ஒரு வருடம், மருமகள் பிள்ளைத்தாய்ச்சி, ஒரு பெட்ரூம் வீடு போதும், வாடகை கட்டுப்படியாக வேண்டும், அவர்கள் கேட்டது அவ்வளவுதான். நான்காவதாகப் பார்த்த கட்டடத்தின் வாசல் மண்டபம் புத்தம்புதிதாக மினுங்கியது. பெரிய கண்ணாடி, சுவரில் படங்கள், தரையெல்லாம் பளிங்கு. "பெரியம்மா, இதையே எடுப்பம்" என்று பெடியன் அங்கேயே சொல்லிவிட்டான். நான் ஃபோனை எடுத்து நகரசபையின் இணையத்தளத்தில் அந்த முகவரியைப் போட்டு, நகரசபை அந்தக் கட்டடத்தின் பராமரிப்புக்குப் போட்டிருக்கும் புள்ளியைப் பார்த்தேன். மொத்தப் புள்ளி மோசமில்லை. ஆனால் விபரத்தைத் திறந்து பார்த்தால் எலிவேற்றர் பராமரிப்பு, குப்பை அறை, பொது இடங்களில் பூச்சி, மூன்றிலும் குறைவான புள்ளி. எட்டாம் மாதத்தில் பதினோராம் மாடிக்குப் படியேற வேண்டி வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் வெளியே வந்துவிட்டோம்.

இப்படி ஒரு புள்ளி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. வாடகை மாதம் இரண்டாயிரம் டொலருக்கு மேல் போகிற ஊரில், ஒரு வருட லீஸில் கையெழுத்து வைக்கும் முன் பத்து நிமிடம் செலவழித்துப் பார்க்கக்கூடிய ஒரு விடயத்தை விட்டுவிடுகிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் புள்ளி என்ன, அதை எப்படிப் படிப்பது, அது சொல்லாத மீதியை நீங்களே எப்படிப் பார்த்து அறிவது, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

புள்ளி எங்கிருந்து வருகிறது

திட்டத்தின் பெயர் ரென்ட்சேஃப் டிஓ (RentSafeTO). ரொறன்ரோ நகரசபை 2017 யூலை 1 இல் தொடங்கியது. மூன்று மாடியும் அதற்கு மேலும், பத்து வீடுகளும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடம் ஒவ்வொன்றும் இதில் பதிவு செய்தாக வேண்டும். அப்படிச் சுமார் 3,500 கட்டடங்கள் இருக்கின்றன. தனியார் கட்டடமும் வரும், அரசின் சமூக வீடமைப்புக் கட்டடமும் வரும். கொண்டோ (ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆளுக்குச் சொந்தமான தொடர்மாடி) வராது, பேஸ்மென்ட் வராது. அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன், நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

இந்த நகரத்தின் வாடகைத் தொடர்மாடிகளில் பெரும்பகுதி 1960களிலும் 70களிலும் கட்டியவை. ஐம்பது அறுபது வருடம் ஓடிய தண்ணீர்க் குழாய், மின்கம்பி, பால்கனி, எலிவேற்றர். வெளியே வெள்ளை அடித்தால் அழகாகத்தான் இருக்கும், உள்ளே இருப்பது பழைய எலும்பு. வெல்ஸ்லி, பார்லிமென்ட் வீதிகளைச் சுற்றியுள்ள சென். ஜேம்ஸ் டவுனை நம் ஆட்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 80களிலும் 90களிலும் வந்திறங்கிய எத்தனையோ குடும்பங்களின் முதல் முகவரி அந்தக் கோபுரங்கள்தான். அங்கே 2010 செப்ரெம்பரில் 200 வெல்ஸ்லி வீதிக் கட்டடத்தில் தீப்பிடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியேற வேண்டி வந்தது. 2018 ஓகஸ்ட் 21 இல் 650 பார்லிமென்ட் வீதியில் மின்சாரக் கோளாறால் தீ. சுமார் 1,500 பேர் ஒன்றரை வருடத்துக்கு மேல் தங்கள் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் ஹோட்டலிலும் உறவினர் வீட்டிலும் காலம் தள்ளினார்கள். கட்டடத்தின் மின் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது படித்தவர்களின் வீண் கேள்வி என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, புள்ளி போடும் முறைக்கு வருவோம். நகரசபையின் துணைச்சட்ட அதிகாரி ஒருவர் கட்டடத்துக்கு வந்து நடந்து பார்த்துப் புள்ளி போடுவார். ஆரம்பத்தில் இருபது விடயங்களை, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை, குறைந்தது மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்தார்கள். மொத்தம் 50 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் முழுத் தணிக்கை. இதில் ஒரு பெரிய குறை இருந்தது. சுவரில் கிறுக்கியிருப்பதும் எலிவேற்றர் வேலை செய்யாததும் ஒரே எடையில் எண்ணப்பட்டன. குடியிருப்பாளர் அமைப்புகள் பல வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தன. 2023 இல் முறையை மாற்றினார்கள். இப்போது ஐம்பது விடயங்கள் வரை பார்க்கிறார்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறார்கள், பாதுகாப்போடும் உயிரோடும் தொடர்புள்ளவற்றுக்கு எடை கூட. இன்னொன்றும் சேர்ந்தது. இடையில் யாராவது முறைப்பாடு செய்து, அதிகாரி வந்து பார்த்து, விதிமீறல் என்று எழுதினால் அதற்கும் புள்ளி கழியும். நீங்கள் பார்க்கும் இலக்கத்தில் அதிகாரி கண்டதும் குடியிருப்பாளர்கள் சொல்லி நிரூபணமானதும் இரண்டுமே கலந்திருக்கும்.

எதைப் பார்க்கமாட்டார்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விடயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். அதிகாரி நடந்து பார்த்துப் போடும் புள்ளி உங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே இருப்பவற்றுக்கு மட்டும். வாசல், மண்டபம், படிக்கட்டு, தாழ்வாரம், எலிவேற்றர், லோன்றி அறை, குப்பை அறை, கார் தரிப்பிடம், வெளிச்சுவர், பால்கனித் தடுப்பு, பொது இயந்திரங்கள், பதிவேடுகள். குசினிக்குள் கரப்பான் ஓடுகிறதா, குளியலறைக் கூரையில் ஈரம் கசிகிறதா, பெட்ரூம் ஹீற்றர் சூடாகிறதா, எதுவும் அதில் இல்லை.

எனக்கு இது அடிபட்டுத்தான் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் நல்ல புள்ளி என்று நம்பி ஒரு கட்டடத்துக்குப் போனோம். மண்டபம் சுத்தம், எலிவேற்றர் இரண்டும் ஓடும், குறை சொல்ல முடியாது. இரண்டாம் வாரம் இரவில் தண்ணீர் குடிக்க எழும்பிக் குசினி வெளிச்சத்தைப் போட்டால் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருந்து வரிசையாக வருகிறது. பக்கத்து வீட்டிலும் அதே கதை, அந்த அம்மா ஒரு வருடமாகச் சொல்லிக் களைத்துப் போயிருந்தார். யாருமே நகரசபைக்குச் சொல்லவில்லை, அதனால் புள்ளியில் ஒரு கீறல்கூட விழவில்லை. நல்ல புள்ளி என்றால் வெளிப்பகுதி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அதோடு முறைப்பாடு குறைவு என்றும் அர்த்தம். முறைப்பாடு குறைவது குறை இல்லாததாலும் இருக்கலாம், ஆட்கள் வாய் திறக்காததாலும் இருக்கலாம். புதிதாக வந்தவர்கள், மொழி தெரியாதவர்கள், வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்று பயப்படுபவர்கள் நிறைய இருக்கும் கட்டடங்களில் இரண்டாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

குறைந்த புள்ளி விடயத்தில் இந்தச் சந்தேகம் வேண்டாம். பொது இடத்தையே சரியாக வைத்திருக்காதவர் உங்கள் வீட்டுக்குள் வந்து ஒழுங்காகத் திருத்தித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் நான் புள்ளியை வடிகட்டப் பயன்படுத்துகிறேன், தெரிவு செய்யப் பயன்படுத்துவதில்லை. குறைவு என்றால் போய்ப் பார்க்கவே தேவையில்லை. நல்லது என்றால் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இணையத்தில் பார்க்கும் விதம்

ரொறன்ரோ நகரசபையின் இணையத்தளத்தில் ரென்ட்சேஃப் என்று தேடினால் கட்டட மதிப்பீட்டுப் பக்கம் வரும், வரைபடமும் இருக்கும். வீதி இலக்கத்தையும் வீதிப் பெயரையும் கொடுங்கள். சில வளாகங்களில் இரண்டு மூன்று கோபுரங்கள் ஒரே பெயரில் விளம்பரம் செய்யப்படும், ஒவ்வொன்றுக்கும் முகவரி வேறு, புள்ளியும் வேறு. நீங்கள் எடுக்கப்போகும் வீடு எந்தக் கோபுரத்தில் என்று கேட்டு அந்த முகவரியையே போடுங்கள்.

முதலில் திகதியைப் பாருங்கள். மதிப்பீடு நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது என்றால் அதற்குள் உரிமையாளரே மாறியிருக்கலாம், நல்லதாகவோ கெட்டதாகவோ போயிருக்கலாம். பழைய புள்ளிகள் நகரசபையின் திறந்த தரவுத் தளத்தில் இருக்கின்றன, எக்ஸெல் திறக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் 2023 க்கு முந்திய புள்ளியையும் பிந்தியதையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள், அளவுகோலே வேறு.

அடுத்தது மொத்தத்தை விட்டுவிட்டு வரிகளுக்குப் போங்கள். ஐம்பது விடயத்தில் நாற்பத்தைந்து நன்றாக இருந்தால் மீதி ஐந்தும் மொத்தத்துக்குள் மறைந்துவிடும், அந்த ஐந்தில் ஒன்று உங்கள் உயிரை வாங்குவதாக இருக்கலாம். எலிவேற்றருக்கே இரண்டு வரி இருக்கும். ஒன்று அதன் தோற்றம், மற்றது அதன் பராமரிப்பு. தோற்றத்தில் குறைந்தால் எனக்குக் கவலையில்லை, கதவில் கீறல் இருந்துவிட்டுப் போகட்டும். பராமரிப்பில் குறைந்தால் நான் பின்வாங்கிவிடுவேன். மின் பாதுகாப்பு, பால்கனித் தடுப்பு, படிக்கட்டு, அவசரகாலத் தகவல், பொது இடப் பூச்சி, குப்பை அறை, இவை எல்லாம் எனக்கு முதல் வரிசை. சுவரெழுத்து, தபால்பெட்டி, வெளியே புல் வெட்டியிருப்பது எல்லாம் கடைசி வரிசை.

பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் சில வரிகள் இருக்கின்றன. பூச்சி கட்டுப்படுத்தும் பதிவேடு, துப்புரவுப் பதிவேடு, குடியிருப்பாளர் கோரிக்கைப் பதிவேடு. காகிதத்துக்கு ஏன் புள்ளி என்று தோன்றும். ஆனால் எனக்குக் கட்டடத்தின் குணத்தைச் சொல்வது இவைதான். பூச்சிப் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது என்றால் அங்கே ஒருவர் மாதாமாதம் அந்த வேலையைச் செய்கிறார் என்று பொருள். மண்டபத்துக்கு அதிகாரி வரும் வாரம் பெயின்ட் அடிக்கலாம், இரண்டு வருடப் பதிவேட்டை ஒரே இரவில் எழுதினால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

அதோடு நகரசபைத் தளத்தில் விதிமீறல் விசாரணைகளைத் தேடும் பக்கம் தனியாக இருக்கிறது. அந்த முகவரியில் என்ன முறைப்பாடு வந்தது, என்ன உத்தரவு போட்டார்கள் என்று அங்கே தெரியும். ஒரு பெரிய கட்டடத்தில் நாலைந்து இருப்பது சாதாரணம். ஒரே விடயம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். மூன்று குளிர்காலமும் சூடு இல்லை என்ற முறைப்பாடு வந்திருந்தால் நான்காவது குளிர்காலத்திலும் வரும். கூகுளில் ஆட்கள் போடும் நட்சத்திரங்களையும் இதே கண்ணோடுதான் படிக்க வேண்டும், சராசரி எத்தனை என்பதை விட்டுவிட்டு, வேறுவேறு வருடத்தில் வேறுவேறு ஆட்கள் ஒரே குறையைச் சொல்கிறார்களா என்று தேடுங்கள்.

உணவகங்களுக்கு இந்த நகரத்தில் வாசலிலேயே பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை தொங்கும், தோசைக் கடைக்குள் போகும் முன் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போகிறோம். வீட்டுக்கும் அதே மாதிரி வாசலில் நிற அட்டை வேண்டும் என்று வாடகையாளர் அமைப்புகள் நீண்ட காலமாகக் கேட்டு வந்திருக்கின்றன. எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு நேரம் சாப்பிடும் இடத்துக்கு உள்ள எச்சரிக்கை, பிள்ளை வளர்க்கும் இடத்துக்கும் வேண்டும்தானே?

நேரில் போகும்போது

வீட்டைக் காட்டுபவர் தருகிற நேரத்தில் ஒரு முறை போங்கள், அப்புறம் வேலை நாள் ஒன்றில் இரவு ஏழு எட்டு மணிக்குத் தனியாக ஒரு முறை போங்கள். பகல் பதினொரு மணிக்கு எந்தக் கட்டடமும் அமைதிதான். ஆட்கள் வேலையால் வரும் நேரத்தில் எலிவேற்றருக்கு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், வாசல் கதவு பூட்டுகிறதா அல்லது கல் வைத்துத் திறந்து விட்டிருக்கிறதா, குப்பை அறையில் பைகள் தரையில் குவிந்திருக்கின்றனவா என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரியும். எலிவேற்றருக்குக் காத்திருப்பவர்களிடம் கதையுங்கள். ஸ்காபரோவில் பாதிக் கட்டடத்தில் ஒரு தமிழ் முகமாவது இருக்கும். "இஞ்சை எப்பிடி, தண்ணி ஒழுங்கா வருமா, சொன்னா வந்து திருத்துவினமா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நகரசபையின் ஐம்பது வரியில் வராத தகவல் அந்த இரண்டு நிமிடத்தில் வரும்.

மண்டபத்தில் அறிவிப்புப் பலகை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், அது சட்டம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, தண்ணீரோ மின்சாரமோ எப்போது நிற்கும், துப்புரவுத் திட்டம், எப்போது பூச்சி மருந்து அடிக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் அதிலுள்ள திகதிகளைப் படியுங்கள். போன வருட அறிவிப்பு இன்னும் தொங்கினால் அந்தக் கட்டடத்தில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. பிறகு படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கிப் பாருங்கள், வெளிச்சம், மணம், கைப்பிடி. படிக்கட்டு யாரும் காட்டாத இடம், அதனாலேயே பொய் சொல்லாத இடம். லோன்றி அறையில் எத்தனை மெஷின், எத்தனை பழுது என்று எண்ணுங்கள்.

இனி வீட்டுக்குள். எந்த வீட்டைத் தரப்போகிறார்களோ அதையே பார்க்க வேண்டும், மாதிரி வீட்டைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு உங்கள் வீட்டைக் கேளுங்கள். குசினிச் சிங்குக்குக் கீழே கதவைத் திறந்து ஃபோன் வெளிச்சத்தை அடியுங்கள். குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஓட்டை அடைத்திருக்கிறதா, மூலையில் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் பொட்டுகள் இருக்கின்றனவா? அது கரப்பானின் எச்சம். குளிர்சாதனப் பெட்டியைக் கொஞ்சம் இழுத்துப் பின்னால் பாருங்கள், வெட்கப்படத் தேவையில்லை. பெட்ரூமில் சுவர் ஓரப் பலகை நெடுகப் பாருங்கள், அங்கே சிறிய கருஞ்சிவப்புக் கறை இருந்தால் மூட்டைப் பூச்சி இருந்திருக்கலாம். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் குளியலறைக் கூரையைத் தொட்டுப் பாருங்கள், ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் விரலுக்குத் தெரிந்துவிடும். குளியலறைக் குழாயையும் குசினிக் குழாயையும் ஒன்றாகத் திறந்து, சுடுதண்ணீர் வர எத்தனை நேரம், அழுத்தம் குறைகிறதா என்று பாருங்கள். உயரமான மாடிகளில் யன்னல் பத்து சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காதபடி தடுப்பு இருக்க வேண்டும். குழந்தை உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. புகை அறிவிக்கும் கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று அமத்திப் பாருங்கள்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 பாகை செல்சியஸ் சூடு இருக்க வேண்டும் என்பது நகரசபை விதி. கோடையில் வீடு பார்க்கும்போது ஹீற்றர் வேலை செய்கிறதா என்று சோதிக்க முடியாது, அதனால்தான் முந்தைய முறைப்பாடுகளைத் தேடச் சொன்னேன்.

வீடு காட்டுபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வீட்டில் பூச்சி மருந்து கடைசியாக எப்போது அடித்தது? பூச்சி இருப்பது தெரிந்துகொண்டே வீட்டைப் புதியவருக்கு வாடகைக்குக் கொடுக்க நகரசபைச் சட்டம் விடாது, அதனால் பதில் சொல்லத் தடுமாறினாலே உங்களுக்கு விளங்கிவிடும். கட்டடத்தில் பெரிய வேலை ஏதும் நடக்கப்போகிறதா? பால்கனித் திருத்தம் என்றால் மாதக்கணக்கில் பால்கனியும் இல்லை, நிம்மதியும் இல்லை. மூன்றாவது, இந்த வீட்டில் முதன்முதல் ஆட்கள் குடியேறியது எப்போது? 2018 நவம்பர் 15 க்குப் பிறகு முதன்முதல் குடியேறிய வீடுகளுக்கு ஒன்ராறியோவின் வருடாந்த வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. புதுக் கட்டடம் புள்ளியில் மேலே நிற்கும், ஆனால் அடுத்த வருடம் வாடகையை எவ்வளவு ஏற்றினாலும் தடுக்க வழியில்லை. பழைய கட்டடத்தில் அந்த வரம்பு உண்டு, 2025 இல் அது 2.5 சதவீதம். பெரிய திருத்த வேலை செய்த உரிமையாளர்கள் அதற்கு மேலும் கேட்டு விண்ணப்பிக்கலாம், அனுமதி கிடைத்தால் வருடத்துக்கு 3 சதவீதம் வரை கூடுதலாகப் போடலாம். பளிங்கு பதித்த மண்டபத்தைக் காணும்போது எனக்கு அதுவும் நினைவுக்கு வரும்.

ஏற்கெனவே அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு

புள்ளி வீடு தேடுபவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். அதை ஏற்றுவதும் இறக்குவதும் உள்ளே இருப்பவர்களின் கையிலும் இருக்கிறது.

வீட்டில் ஏதும் பழுது என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்பரிடம் எலிவேற்றரில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் கொடுங்கள், ஈமெயிலோ அலுவலகப் படிவமோ, திகதி தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். கட்டடத்துக்குக் கோரிக்கைப் பதிவேடு இருந்தாக வேண்டும். சூடு, தண்ணீர், மின்சாரம், கதவுப் பூட்டு மாதிரி அவசரமானவற்றுக்கு 24 மணித்தியாலத்துக்குள்ளும், மற்றவற்றுக்கு ஏழு நாளுக்குள்ளும் நடவடிக்கை தொடங்க வேண்டும். பூச்சி என்று முறைப்பாடு கொடுத்தால் 72 மணித்தியாலத்துக்குள் வந்து பார்க்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் நகரசபையின் தொலைபேசி இலக்கமான 311 ஐ அழையுங்கள். தமிழில் கதைக்க வேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தொடர்பில் எடுப்பார்கள், ஆங்கிலம் தடுமாறுகிறது என்று பேசாமல் இருக்க வேண்டாம். அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அதிகாரி வந்து விதிமீறல் என்று எழுதினால் அது உங்கள் கட்டடத்தின் புள்ளியைக் குறைக்கும், அடுத்து அங்கே வீடு பார்க்க வரும் குடும்பம் அதைக் காணும்.

புள்ளி மிகக் கீழே போன கட்டடத்துக்கு முழுத் தணிக்கை வரும். பல அதிகாரிகள் வந்து கட்டடத்தின் பொது இடங்கள் முழுக்கப் பார்ப்பார்கள், அந்தச் செலவு உரிமையாளரின் தலையில். அன்று மண்டபத்தில் குடியிருப்பாளர்களைச் சந்திக்கவும் ஆட்கள் இருப்பார்கள். வேலைக்கு அரை நாள் லீவு எடுத்தாவது இறங்கிப் போய்ச் சொல்லுங்கள், வீட்டுக்குள் இருக்கும் பழுதையும் அன்று அவர்களிடம் காட்டலாம். வயதான அம்மா அப்பாவோடு இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள். மின்சாரமோ எலிவேற்றரோ நின்றால் உதவி தேவைப்படுபவர்களின் பட்டியல் ஒன்று கட்டட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும், விரும்பியவர்கள் பெயர் கொடுக்கலாம். முழங்கால் வலியோடு பதினைந்தாம் மாடியில் இருக்கும் அம்மாவின் பெயர் அதில் இருக்கட்டும்.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எத்தனையோ பேர் "திருத்தினால்தான் தருவேன்" என்று நிறுத்தி, கடைசியில் வாடகை பாக்கி என்ற காரணத்துக்காகவே வெளியேற்றும் நோட்டீஸ் வாங்கியிருக்கிறார்கள். வாடகையைக் கட்டிக்கொண்டே ஒன்ராறியோவின் வீட்டு உரிமையாளர் வாடகையாளர் சபையில் ரி6 என்ற படிவத்தைப் போடுங்கள். பழுது நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டிய வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரச் சொல்லவும் திருத்தச் சொல்லி உத்தரவு போடவும் அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. உங்கள் எழுத்துமூலக் கோரிக்கை, படங்கள், 311 இலக்கம், நகரசபை உத்தரவு எல்லாம் அங்கே சாட்சி. வருமானம் குறைந்தவர்களுக்கு அயலிலுள்ள சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இலவசமாக உதவும். முறைப்பாடு செய்ததற்காக உங்களை எழுப்பவோ தொந்தரவு செய்யவோ உரிமையாளருக்கு உரிமை கிடையாது, அதைக் கேட்டு அறிந்துகொள்ளவும் அங்கேயே போகலாம்.

கொண்டோவிலும் பேஸ்மென்டிலும் இருப்பவர்களுக்கு

உங்களுக்குப் புள்ளி இல்லை, வரைபடத்தில் உங்கள் முகவரி வராது. ஆனால் நகரசபையின் வீட்டுத் தர விதிகள் உங்களுக்கும் உண்டு. சூடு இல்லை, கூரை ஒழுகுகிறது, பூச்சி என்றால் நீங்களும் 311 ஐ அழைக்கலாம், ரி6 உங்களுக்கும் பொருந்தும். பேஸ்மென்ட் பார்க்கப் போகும்போது மேலே சொன்னதில் வீட்டுக்குள் பார்ப்பவை எல்லாவற்றையும் பாருங்கள், அதோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் வெளியேற எந்த வழி, அந்த யன்னல் ஒரு ஆள் நுழையுமளவு திறக்குமா? மழைக்குப் பிறகு தரை மூலைகளில் ஈரம் நிற்கிறதா? முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். வீட்டுக்காரர் மேல் மாடியிலேயே இருக்கும் தமிழர், தெரிந்த ஆள், எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கும். கேளுங்கள், தெரிந்தவர் வீட்டிலும் தீ ஒன்றுதான்.

பெடியனும் மருமகளும் கடைசியில் எடுத்தது ஏழாவதாகப் பார்த்த கட்டடம். மண்டபத்தின் சோபா கிழிந்திருக்கிறது, தபால்பெட்டிகள் துருப்பிடித்தவை, அந்த வரிகளில் புள்ளியும் குறைவு. எலிவேற்றர் பராமரிப்பு, மின் பாதுகாப்பு, பூச்சிப் பதிவேடு மூன்றும் நல்ல புள்ளி. குடிபோன மூன்றாம் நாள் பெட்ரூம் யன்னலின் தடுப்பு தளர்ந்திருப்பதைக் கண்டு எழுத்தில் கொடுத்தார்கள், மறுநாள் காலை ஒருவர் ஸ்குரூ டிரைவரோடு வந்து கதவைத் தட்டினார்.